மூன்றாம் நம்பர் தாய்மரம்

ஆய்வு அதிகாரியம்மா பதினோரு மணிக்கு வருவதாகத் தகவல். ஒட்டுக்காரி அந்த மஞ்சள் இலையைப் பார்த்தது எட்டே முக்காலுக்கு. வேறு யாராவது பார்த்திருந்தால் கிள்ளிப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவளோ அதைப் பறித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

அவள் பழச்செடிகளுக்கு ஒட்டுக்கட்டுகிறவள். நர்சரி அவள் வீட்டுக்காரருடையது, ஒட்டுக்கத்தி அவளுடையது. பின்வேலிக்குள் ஐந்து சாத்துக்குடி மரங்கள் நிற்கின்றன, அவைதான் தாய்மரங்கள். அவற்றின் கிளையிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு சீவியெடுத்து, எலுமிச்சைக் கன்றின் தண்டில் கீறிச் செருகிக் கட்டினால் மூன்று வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கன்று காய்ப்பதெல்லாம் தாய்மரத்தின் காய். தாயின் இனிப்பும் வரும், தாய்க்கு நோய் இருந்தால் அதுவும் வரும். இந்த வருஷம் கட்டிய நாலாயிரம் கன்றில் பாதிக்கு மேல் மூன்றாம் நம்பர் மரத்து மொட்டு. அது நன்றாகக் காய்க்கிற மரம் என்பதால் அதையே போட்டுச் சீவியிருந்தாள். மஞ்சள் இலை நின்றதும் அதே மரத்தில்.

அதிகாரியம்மா ஐந்து மரத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கன்றுகள் வாசலைத் தாண்டலாம். மரத்தில் நோய் என்று எழுதிவிட்டாலோ மரத்தை வெட்டி, அதன் கன்றுகளையும் பிடுங்கிக் கொளுத்த வேண்டும். நோய்ப்பட்ட நர்சரி என்று ஒருமுறை பெயர் வாங்கினால் அப்புறம் யார் வந்து செடி கேட்பார்கள்? பதினெட்டு வருஷத்து உழைப்பு அத்தோடு சரி.

இலை மஞ்சளாக நூறு காரணம் உண்டு. தண்ணீர் தேங்கினாலும் மஞ்சளாகும், துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் மஞ்சளாகும். அவள் கொண்டையில் செருகியிருந்த பேனாவை உருவினாள். நடுநரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் சரியாக எதிரே ஒரு வட்டம் போட்டாள். சத்துக் குறை என்றால் இரண்டு வட்டத்துக்குள்ளும் ஒரே நிறம் இருக்கும். பசி வலது இடது பார்க்காது. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள் என்றிருந்தால் அது கிரீனிங் என்கிற நோயாக இருக்கலாம். மருந்தே இல்லாத நோய். பழம் பழுத்த பிறகும் அடிப்பக்கம் பச்சையாக நின்றுவிடும், கோணலாய்ச் சிறுத்துக் கசக்கும், சில வருஷத்தில் மரம் நுனியிலிருந்து காய்ந்து வரும். எள்ளளவு பூச்சியொன்று அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். அந்தப் பூச்சிக்குப் பல மாதம் பிடிக்கிற வேலையை ஒட்டுக்கட்டுகிறவள் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஒரு வட்டம் பச்சையாக இருந்தது. மற்றது மஞ்சள்.

"இன்னிக்கிதான் ஒனக்கு நாள் கெடச்சுதா?" என்று மரத்தைத் திட்டினாள். திட்டினால் சரியாகிவிடும் என்பது போல அடுத்தடுத்து நாலு இலை பறித்து வட்டம் போட்டாள். நாலும் அதையே சொல்லின. எல்லாம் ஒரே கிளை, கிழக்குப் பக்கத்துக் கிளை. ஒப்பிட்டுப் பார்க்க முதல் நம்பர் மரத்தில் ஒரு நல்ல இலையும் பறித்து, எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு, பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராத நடை நடந்து ஸ்டோர் ரூமுக்குப் போனாள். போய்ச் சேர்ந்த பிறகுதான் செருப்பை வேலியோரம் விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

முதலுதவிப் பெட்டியிலிருந்து டிங்சர் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் உள்ளே வந்தாள். வீட்டுக்காரரின் தங்கை, நர்சரியின் வியாபாரம் முழுவதும் அவள் தலையில். வேலையாட்கள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"என்னண்ணி, ஆபீசர் வர்ற நாள்ல கைய கிழிச்சுக்கிட்டீங்களா? ஒரு நாளாவது அந்தக் கத்திக்கு லீவு குடுங்கன்னா கேக்கறீங்களா? இருங்க, நான் போட்டு விடறேன். அப்புறம் இன்னொரு விஷயம், நேத்து ஒருத்தர் போன் பண்ணாரு..."

"கதவ சாத்து."

ரேடியோ சாத்தினாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் வாயையும் சாத்திக்கொண்டாள்.

ஒட்டுக்காரி உப்புத்தாளை இரண்டு துண்டாகக் கிழித்தாள். ஒரு துண்டால் முதல் நம்பர் மரத்தின் நல்ல இலையைத் தேய்த்தாள், இன்னொன்றால் மஞ்சள் இலையை. பச்சைப் பொடி தாளில் அப்பியதும் இரண்டையும் இரண்டு கண்ணாடி டம்ளரில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். நல்ல மரத்தில் இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியாக வேர்வரைக்கும் இறங்கும். கிரீனிங் வந்த மரத்தில் அந்தப் பாதை அடைத்துப்போய் மாவெல்லாம் இலையிலேயே தேங்கிவிடும். மாவு இருக்கிற இடத்தில் டிங்சர் பட்டால் கறுத்துவிடும்.

நல்ல இலை டம்ளரில் நாலு சொட்டு விட்டாள். பால் விடாத டீயின் நிறம் வந்தது, அப்படியே நின்றது. இரண்டாவது டம்ளரில் நாலு சொட்டு விட்டாள். ரேடியோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் மையாகிவிட்டது.

"அண்ணி, இது மூணாம் நம்பரா?"

"ஆமா."

"நாம போன தடவ வித்த அறுநூறு கன்னும் மூணாம் நம்பர்தானே?"

விற்ற கன்றுகளை ஒட்டுக்காரி அதுவரைக்கும் நினைக்கவே இல்லை. மூன்று மாதம் முன்பு, போன வருஷத்துச் சான்றிதழோடு, ஆறு தோட்டங்களுக்குப் போனவை. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விட்டார்கள். உரக்குழியிலிருந்து மண்வெட்டியோடு வந்தவர் டம்ளரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்வேலிக்குப் போனார். அவர் எப்போதுமே அப்படித்தான். கெட்ட செய்தி வந்தால் பேச மாட்டார், எதையாவது தூக்குவார். பெண்கள் இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். மணி ஒன்பதரை.

ஒட்டுக்காரி காட்டிய கிழக்குக் கிளையில் அவர் ஏணியைச் சாய்த்து ஏறி, இலைகளை விலக்கிப் பட்டையைக் கையால் தடவிக்கொண்டே போனார். தண்டோடு கிளை சேருகிற இடத்துக்கு ஒரு சாண் மேலே அவர் கை நின்றது. நகத்தால் சுரண்டினார். பிறகு மனுஷன் கூவினார் பாருங்கள், பதினெட்டு வருஷத்தில் அவர் அப்படிக் கூவி யாரும் கேட்டதில்லை.

"கம்பிடீ! கம்பி!"

லேபிள் கட்டிய கம்பி. முன்பெல்லாம் மரத்து நம்பரை நூல் கயிற்றில்தான் கட்டுவார்கள். மழையில் கயிறு இற்று, லேபிள் பறந்து, ஒரு தடவை இரண்டாம் நம்பரும் நாலாம் நம்பரும் குழம்பிப்போயிற்று. அன்றைக்கு ஒட்டுக்காரி போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் ஐந்து மரத்திலும் இரும்புக் கம்பியால் லேபிளை இறுக்கிக் கட்டினார். மற்ற நாலும் ஆணி அடித்த மாதிரி சும்மா நின்றன. மூன்றாம் நம்பர் மட்டும் வேகமாகப் பெருத்தது. கிளை பெருக்கக் கம்பி உள்ளே இறங்கி, மேலே பட்டை மூடிக்கொண்டது. லேபிள் எப்போதோ அறுந்து விழுந்து, அதைத் தண்டில் வேறு இடத்தில் தொங்கவிட்டுவிட்டார்கள். உள்ளே போன கம்பியை யாரும் நினைக்கவில்லை.

"இப்பப் புரியுதா?" ஏணி மேலிருந்தே அவர் வகுப்பெடுத்தார். "கம்பி பட்டைய நெரிச்சிருக்கு. எலையில சமைச்ச சாப்பாடு கீழ எறங்க வழி இல்ல. அதான் மாவு தேங்குது, அதான் மஞ்சள், அதான் கறுப்பு. வியாதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

"கம்பியக் கட்டுன கைக்கு நல்லா வேணும்," என்றாள் ஒட்டுக்காரி.

"அடுத்த தடவ லேபிள் விழுந்தா ஒங்க கழுத்துல கட்டித் தொங்க விடுவேன்னு சொன்னது யாரு? நானா?" என்று திருப்பிக் கேட்டார் வீட்டுக்காரர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். போன உயிர் திரும்பி வந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள், வாயெல்லாம் பல்லாக, காரணத்துக்கு மேல் அதிகமாக. வீட்டுக்காரர் ரம்பத்தால் அந்தக் கிளையைக் கம்பியோடு அறுத்துக் கீழே இறக்கினார். வெட்டு வாயில் கம்பி ஒரு வளையமாகத் தெரிந்தது. ரேடியோ அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எதுக்கும் அந்தப் பக்கத்துக் கிளையில ஒரு எலையப் பறிச்சு அதையும் பாத்துடலாமா?" என்றார் வீட்டுக்காரர், ஏணியை மடக்கிக்கொண்டே.

"எதுக்கு? அதான் காரணம் கெடச்சாச்சே."

இதைச் சொன்னவள் யார் தெரியுமா? ஒரு கன்றில் ஒட்டு பிடித்ததா என்று மூன்று தடவை பார்க்கிறவள். கத்தியைச் செடிக்குச் செடி மருந்துத் தண்ணீரில் முக்காவிட்டால் வேலையாளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவள். அவளுக்குக் கண் தெரியாமல் இல்லை. மேற்குப் பக்கம் பார்த்தால் என்ன தெரியுமோ என்ற பயத்தில் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அங்கிருந்து வேகமாக வெளியே வந்து, வேலிக்கதவைத் தாழ் போட்டாள். மணி பத்தேகால்.

அதிகாரியம்மா சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி. முழங்கால் வலி. கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, கையில் அட்டையில் செருகிய தாள்கள். ஒவ்வொரு மரமாகச் சுற்றி வந்து, இளந்தளிரைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தார். தளிரில் தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கிக்கொண்டு உட்காருமே, அந்தப் பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மூன்றாம் நம்பரில் புது வெட்டைப் பார்த்ததும் நின்றார்.

"இங்க என்ன?"

வீட்டுக்காரர் கிளையைத் தூக்கிக் காட்டினார். ஒட்டுக்காரி பேனா வட்டத்தையும் டிங்சரையும் கம்பியையும் வரிசையாகச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, மறைக்க எதுவும் இல்லை என்று அந்த நிமிஷம் நம்பினாள். அதிகாரியம்மா வளையத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

"முப்பது வருஷமா நானும் பாக்கறேன், மரத்துக்குத் தூக்கு மாட்டின நர்சரி இதுதான்." பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மத்தக் கிளையெல்லாம் சோதிச்சுட்டீங்கல்ல?"

ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. "இல்லை" என்று சொல்லியிருந்தால் ஒரு டம்ளர், ஒரு இலை, இரண்டு நிமிஷ வேலை.

"சோதிச்சாச்சு மேடம். எல்லாம் சுத்தமா இருக்கு."

"நீங்க சொன்னா சரிதாம்மா. ஒங்க கண்ணு எனக்குத் தெரியும்."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ரேடியோ அண்ணியை ஒரு தடவை பார்த்துவிட்டு, டீ கொண்டுவருவதாகச் சொல்லி நகர்ந்தாள். அப்போது அவள் வேறு எதுவுமே பேசவில்லை என்பதை ஒட்டுக்காரி கவனித்தாள். கவனித்ததை உடனே மறக்கப் பார்த்தாள்.

கன்றுகளைத் தொட்டி மாற்றுகிற கொட்டகையில் மேசை போட்டு அதிகாரியம்மா எழுத உட்கார்ந்தார். ஒரு மரத்துக்கு ஒரு தாள். முதல் நம்பருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் நம்பருக்கும் போட்டார். எதிரே நின்ற ஒட்டுக்காரி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். டீ வரவில்லை. மூன்றாம் தாளில் மரத்தின் வயதையும் உயரத்தையும் எழுதி முடித்து, பேனாவைக் கீழே கையெழுத்துக் கோட்டுக்குக் கொண்டுபோனபோது ரேடியோ வந்தாள். தட்டில் இரண்டு டம்ளர். ஒன்றில் டீ. இன்னொன்று கறுப்பு.

மேசையில் வைத்தாள். கறுப்பு டம்ளருக்குள் உப்புத்தாள் துண்டு கிடந்தது.

"இது எந்த மரத்து எல?" என்றார் அதிகாரியம்மா.

ரேடியோ அண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. அறுத்துப்போட்ட கிளையின் இலை என்று சொல்லிவிடலாம். ரேடியோ மறுத்துப் பேச மாட்டாள் என்று ஒட்டுக்காரிக்குத் தெரிந்தது. பேச நினைத்திருந்தால் இதற்குள் பேசியிருப்பாள். முடிவை இவள் கையில் விட்டுவிட்டு நிற்கிறாள். அதுதான் ஒட்டுக்காரியைக் கொன்றது.

"கம்பி இல்லாத பக்கத்து எல, மேடம்," என்றாள். "மேக்குக் கிளை. நான் சோதிக்கவே இல்ல. ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அதிகாரியம்மா பேனாவுக்கு மூடி போட்டார். திட்டுவார் என்று காத்திருந்தாள், திட்டவில்லை. எழுந்து, வலிக்கிற காலோடு மறுபடியும் மரத்துக்கு நடந்தார். மேற்குக் கிளையில் இலைக் கூட்டத்துக்குள்ளே கைவிட்டுத் தேடி ஒரு காயைப் பறித்தார். எலுமிச்சை அளவே இருந்தது, ஒரு பக்கம் சரிந்து. கத்தியை நீட்டச் சொன்னார். ஒட்டுக்காரி தன் ஒட்டுக்கத்தியைக் கொடுத்தாள். அதிகாரியம்மா நறுக்கிய காயின் நடுத்தண்டு கோணிக்கொண்டு போயிருந்தது. விதைகள் பழுப்பாய்ச் சுருங்கிக் கிடந்தன.

"கம்பியும் நெசம், வியாதியும் நெசம்," என்றார். "ரெண்டும் ஒரே மரத்துல. ஆய்வகத்துலேந்து தாள் வர பத்து நாள் ஆகும். ஆனா எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும்." மூன்றாம் தாளைக் கிழிக்காமல், குறுக்கே ஒரு கோடு போட்டு அட்டைக்குள் வைத்தார். "ஒரு கன்னுகூட வெளிய போகக் கூடாது. ஏற்கனவே போனது எவ்வளவு?"

"அறுநூறு," என்றாள் ரேடியோ.

"எங்க நோட்டீஸ் அவங்க கைக்குப் போகக் கொறஞ்சது ரெண்டு வாரம். இது தளிர் விடற காலம். பூச்சி ரெண்டு வாரம் ஒக்காந்து நோட்டீஸ் படிக்காது."

"நாங்களே சொல்லிடறோம், மேடம்."

அவர் போன பிறகு வீட்டுக்காரர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு பின்வேலிக்குப் போய்விட்டார். கொட்டகையில் பெண்கள் இருவரும் நின்றார்கள். ரம்பம் பட்டையில் ஏறுகிற சத்தம் கேட்டது.

"என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் ஒட்டுக்காரி. கோபமாகத்தான் கேட்டாள்.

"தனியா சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அண்ணி?"

கையெழுத்து விழட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பாள். அது இருவருக்கும் தெரிந்தது. ஒட்டுக்காரி ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்து ஸ்டூலைத் தட்டிக் காட்டினாள். ரேடியோ உட்கார்ந்து போனை எடுத்தாள். கன்று வாங்கிய ஆறு பேரில் முதல் பெயர் ஒரு ரிட்டயர் ஆன வாத்தியார், நூற்றிருபது கன்று வாங்கியவர். ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அடடா, நீயாம்மா! நூறு வயசு ஒனக்கு. இப்பத்தான் ஒங்க செடிங்க பக்கத்துல நிக்கறேன். ஒண்ணு சாகலம்மா, ஒண்ணே ஒண்ணு! எல்லாம் தளதளன்னு தளிர் விட்டிருக்கு. ஒங்க அண்ணி கை ராசியான கைன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். என்ன, போன வருஷம் வாங்காமப் போனோமேன்னுதான் வருத்தம்."

ரேடியோவுக்குத் தினமும் நூறு பேரிடம் பேசுகிற வாய் திறந்தபடியே நின்றது. ஒட்டுக்காரி அவள் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"ஐயா, நான் இவளோட அண்ணி பேசறேன். அந்தச் செடிங்க எல்லாத்தையும் புடுங்கணும். மரத்துல வியாதி இருந்திருக்கு, எனக்குத் தெரியாம அதுலேந்து கட்டிக் குடுத்துட்டேன். காலையில மொத வேலையா நானே வந்து புடுங்கறேன். மத்த மரத்துக்குப் பூச்சி மருந்தடிக்கறதும் நாங்க பாத்துக்கறோம்."

அந்தப் பக்கம் தோட்டத்தில் எங்கேயோ மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு வாத்தியாரின் குரல் வந்தது. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் மெல்ல, பரீட்சையில் எத்தனை மார்க் என்று கேட்கிற பிள்ளையைப் போலக் கேட்டார்.

"அம்மா, பக்கத்துலயே எங்கப்பா வெச்ச பழைய மரம் நாப்பது நிக்குதே. அதுக்கு ஒண்ணும் ஆயிருக்காதில்ல?"

ஆகாது ஐயா, கவலைப்படாதீங்க என்ற வார்த்தை நுனிநாக்குவரைக்கும் வந்துவிட்டது. ரேடியோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிருக்கலாம் ஐயா," என்றாள் ஒட்டுக்காரி.